கல்வாழைப் பாத்தி

விடுதி கேட்டுக்கு இந்தப் பக்கம் மூத்தவளின் பாத்தி, அந்தப் பக்கம் இளையவளின் பாத்தி. இரண்டிலும் ஒரே நாளில் நட்ட கல்வாழைதான். மூத்தவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கை மண்ணில், கண் மட்டும் எதிர்ப்பக்கம். அங்கே தண்டுக்குத் தண்டு சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கொட்டியது. இவள் பக்கம் இலை. வெறும் இலை. சோறு போட்டுச் சாப்பிடலாம், வேறெதற்கும் ஆகாது.

இளையவள் வேறு யாருமில்லை, கொழுந்தன் பெண்டாட்டி. சூப்பர்வைசரிடம் கெஞ்சி அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மூத்தவள்தான். வந்த புதிதில் கிழங்கில் எது தலை, எது கால் என்று தெரியாமல் கவிழ்த்து நட்டவள். இப்போது தங்க வருகிறவர்கள் அவள் பாத்தி முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலும் அதே பேச்சு. கைராசிக்காரி என்று கொழுந்தன் சொன்னால் பொண்டாட்டிதாசன் என்று விட்டுவிடலாம். கட்டிய புருஷனும் சேர்ந்து தலையாட்டினால்?

இதில் சூப்பர்வைசர் வேறு சொல்லிவிட்டான். மழை முடிந்ததும் தோட்டத்துக்கு ஒரு ஆள் போதுமாம். எந்தப் பாத்தி பூக்கிறதோ, அந்தப் பாத்திக்காரி இருக்கலாமாம். அன்றிலிருந்து மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் இளையவளை மாடித் தொட்டி கழுவ அனுப்பினார்கள். மூத்தவள் கடப்பாரையோடு எதிர்ப்பக்கம் போனாள். புதரின் பின்பக்கமாகக் குத்தி, கொழுத்த கிழங்குகளாகப் பார்த்துப் பெயர்த்து, முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாள். தன்னுடையதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவற்றை நட்டாள். அங்கே குழி தெரியாமல் சருகை அள்ளி மூடியிருந்தாள்.

மழை பெய்தது. நெருக்கம் குறைந்த இளையவளின் புதர் மூச்சுவிட்டுக் கிளைத்து, முன்னைவிட இரட்டிப்பாகப் பூத்தது. கூட்டம் கட்டிய கிழங்கைப் பிரித்துவிட்டால் பூ கூடும் என்பது மூத்தவளுக்குத் தெரியாததா? கடப்பாரையைத் தூக்கிய நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. திருடி வந்த கிழங்கு இவள் பக்கம் தளதளவென்று வளர்ந்தது. அதுவும் இலைதான்.

மழை ஓய்ந்த ஒரு காலை, கேட்டில் லாரி நின்றது. லாரி நிறையத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் பூத்த செடி. யாரை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள மூத்தவள் சூப்பர்வைசரிடம் போனாள்.

"ரெண்டு பாத்தியையும் தோண்டிப் போட்டுடுங்க. ஜல்லி கொட்டித் தொட்டி வைக்கப்போறோம். பூ வாடுச்சுன்னா தொட்டி குடுக்கிற நர்சரிக்காரங்களே வந்து மாத்திட்டுப் போயிடுவாங்க."

"அப்ப எங்கள்ல யாரு சார் இருக்கிறது?"

"இன்னிக்கு ரெண்டு பேருமே இருங்க. எறக்க ஆள் வேணும்ல."

தோண்டிக் குவித்தார்கள். ஜல்லியைப் பரப்பினார்கள். ஒரு தொட்டியை ஆளுக்கொரு விளிம்பாகப் பிடித்துத் தூக்கியபோது இளையவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கெழங்கத் தோண்டிட்டுப் போனீங்களேக்கா, அப்படியே கொஞ்சம் வெயிலையும் சேத்து அள்ளிட்டுப் போயிருக்கலாம்ல."

மூத்தவள் தன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஜெனரேட்டர் அறைச் சுவரின் நிழல் அவள் பாத்தியை நீளவாக்கில் மூடிக் கிடந்தது. இங்கே குரோட்டன்ஸ் இருந்த காலத்தில், குனிந்து வேலை செய்ய இதமாக இருக்குமென்று மூத்தவள் என்ற உரிமையில் அவளே கேட்டு வாங்கிய பக்கம்.

தொட்டியை இறக்கி நிமிர்வதற்குள் விடுதியில் தங்க வந்த ஒருவர் தன் மனைவியை அதன் பக்கத்தில் நிறுத்தி செல்போனைத் தூக்கினார். பிறகு இவர்களைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"படத்துல விழுறீங்க, கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா."

இரண்டு பேரும் மண் கையோடு தள்ளிப் போய், சுவர் நிழலில் நின்றார்கள்.