ஒரு நாள் குறைந்தால்

கடலுக்கடியில் பார்க்க வாங்கிய முகமூடிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் அவர் முகத்தை அமிழ்த்தியிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். பதினெட்டு விநாடி. மூச்சு வாங்க நிமிர்ந்தபோது மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இந்த மூச்சுக்குப் பவளப்பாறை வேறயா? மீனெல்லாம் கூடி நின்னு சிரிக்கும்."

"சிரிடி. நான் கடலுக்குள்ள போனதும் நீ கரையில உக்காந்து என் செருப்புக்குக் காவல் இரு."

அவர் லிப்ட் மெக்கானிக். நாங்கள் போகவிருந்தது பசிபிக் கடலில் கடுகளவு தீவு. மூன்று விமானம், அப்புறம் ஒரு படகு. போகவர நான்கு நாள், அங்கே பத்து நாள். அந்தப் பதினான்கு நாளுக்காக இரண்டு ஆண்டாக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. காய்ச்சலோடு லிப்ட் குழிக்குள் இறங்கியிருக்கிறார். சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்கே வேலை முடிந்து சாயங்காலம்தான் வந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இடது தோள் இன்னும் இழுத்துப் பிடிக்குது" என்றார். இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

"ஒரு நாள் போயிடுமே."

நான் வற்புறுத்தியிருக்கலாம். அவர் பிடிவாதக்காரர் என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மையல்ல. இருபத்தாறு ஆண்டில் நான் வாய்விட்டுக் கேட்டது அந்தக் கடல் ஒன்றுதான்.

"சரி, ஞாயித்துக்கிழமை போயிக்கலாம்" என்றேன்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, ஏதோ ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில், கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த அவருடைய மேற்பார்வையாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வண்டியில கூட்டிட்டுப் போயிருப்பேனே அண்ணி."

"லீவு குறையுமேன்னு பாத்தாரு."

அவர் தலை நிமிர்ந்தது. "டாக்டர்கிட்ட போறதுக்கெல்லாம் நாங்க லீவு போடறதே இல்லையே. எல்லாரும் சொல்லிட்டுப் போயிட்டு வருவாங்க. இவரு கேக்கவே இல்லையா?"

கேட்கவில்லை. கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

தீவிலிருக்கும் விடுதிக்காரிக்கு, வர இயலவில்லை என்று மட்டும் எழுதினேன். அன்றே பதில் வந்தது. கவலை வேண்டாம், எப்போது வந்தாலும் உங்கள் இருவருக்கும் கடல் பார்த்த அறைதான். எந்த நாள் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், படகு செவ்வாயும் வெள்ளியும்தான்.