ஒன்பது அ, ஒன்பது ஆ

பெரியப்பா பேருந்துக் கழகத்தில் முப்பத்தோரு வருடம் கால அட்டவணை போட்டவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று அவர் எழுதிவைப்பார். வண்டிகள் அவற்றின் சௌகரியப்படி வந்து போகும். அதற்காக அவர் ஒருநாளும் மனம் தளர்ந்ததில்லை. தாளில் எல்லாம் சரியாக ஓடின.

அவர் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தம்பி வந்து, "அண்ணே, போட்டோ விஷயத்தை முழுக்க நீங்கதான் பாத்துக்கணும். வேற எதுலயும் நீங்க அலைய வேண்டாம்" என்றார். வேறு எதிலும் அவர் தலையிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், அவரைத் தவிர.

மூன்று வாரம் உட்கார்ந்து அட்டவணை தயாரித்தார். முப்பத்தெட்டு குழுப் படங்கள். படத்துக்கு மூன்று நிமிடம்: மேடை ஏற நாற்பது விநாடி, இடம் பிடிக்க எண்பது, சிரிக்கப் பத்து, மறுபடியும் ஒழுங்காகச் சிரிக்க இருபது, இறங்க முப்பது. குழந்தைகள் அழுதால் அதற்கென்று மொத்தத்தில் ஆறு நிமிடம். ஆக, சரியாக இரண்டு மணி நேரம். கடைசியில் கொட்டை எழுத்தில் ஒரு குறிப்பு: 'குறித்த நேரத்துக்கு முக்கால் மணி முன்பே வந்து மேடைக்குக் கீழே வரிசையில் நிற்கவும்.'

புகைப்படக்காரர் ஐம்பது வயதைத் தொடும் பெண். இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணம் எடுப்பவர். பட்டியலைக் கடைசி வரி வரை பொறுமையாகப் படித்தார்.

"நல்லா இருக்குல்ல?" என்றார் பெரியப்பா.

"ரொம்ப நல்லா இருக்கு சார். ஃப்ரேம் போட்டு மாட்டலாம்."

பெரியப்பா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, பட்டியலின் உயிர்நிலையை விளக்கினார். அவருக்கு இரண்டு தங்கைகள். கல்யாணப் பெண்ணுக்குப் பெரிய அத்தையும் சின்ன அத்தையும். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பதினொரு வருடம். காரணம், ஒரு குழுப் படம். உறவுக்காரர் ஒருவரின் கல்யாணத்தில் சின்னவள் முன்னால் வந்து நின்றுவிட்டாள். அவள் கொண்டை பெரியவளை மறைத்துவிட்டது. படத்தில் பெரியவள் பங்குக்குக் கிடைத்தது ஒரு காதும் பாதிக் கம்மலும்தான். "வேணும்னே செஞ்சா" என்றாள் அவள். "உன்னை மறைக்கிறதுக்கு நான் கொண்டை போடணுமா?" என்றாள் இவள். அவ்வளவுதான்.

"அதனால சின்னவ ஒன்பதாவது படம். பெரியவ பதினாலாவது. நடுவுல நாலு படம், பன்னெண்டு நிமிஷம். ஒருத்தி இறங்கி மறைஞ்சப்புறம்தான் இன்னொருத்தி வருவா" என்றார் பெரியப்பா. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயிலைக் கடத்திவிட்ட பெருமை அவர் முகத்தில்.

கல்யாணத்தன்று பத்தரைக்குத் தொடங்கினார்கள். மண்டபத் தூணில் பட்டியல் ஒட்டியிருந்தது. பெரியப்பா கையில் பரீட்சை அட்டையும் கழுத்தில் விசிலும். மூன்றாவது படத்திலேயே இருபது நிமிடம் தாமதம். மாப்பிள்ளையின் நண்பர்கள் குதித்தபடி ஒரு படம் வேண்டுமென்று கேட்டு, குதித்து, ஒருவன் கால் பிசகி, அவனில்லாமல் மறுபடியும் குதித்தார்கள்.

அதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா தூணருகே நின்று உரக்கப் படித்தார். "முப்பத்தேழு. மற்றவர்கள், அடைப்புக்குறிக்குள்ள மாப்பிள்ளை வீட்டார். ஏங்க, நாங்க மத்தவங்களா?"

பெரியப்பா பேனாவை எடுத்து, 'மிக முக்கியமான மற்றவர்கள்' என்று திருத்தினார். சித்தப்பா இரண்டு முறை படித்துப் பார்த்தார். குற்றம் சொல்ல வழி தெரியாமல் போய் உட்கார்ந்தார்.

அடுத்து பெரிய அத்தை வந்தாள்.

"அண்ணே, அவ ஒன்பது, நான் பதினாலா? யாரு மூத்தவ?"

"இது வயசு வரிசை இல்லம்மா..."

"பின்ன என்ன வரிசை? பாச வரிசையா?"

பெரியப்பா வேர்த்துப்போய் அடித்துத் திருத்தினார். பெரியவளுக்கு ஒன்பது அ, சின்னவளுக்கு ஒன்பது ஆ. பெரியவள் போன வேகத்தில் சின்னவள் வந்தாள்.

"அவளுக்கு 'அ', எனக்கு 'ஆ'வா?"

"அ குறில்மா. ஆ நெடில். உனக்குத்தான் பெருசு."

சின்ன அத்தை யோசித்துப் பார்த்துத் திருப்தியோடு போனாள். இரண்டு நிமிடத்தில் பெரிய அத்தை திரும்பி வந்தாள். "அவளுக்கு நெடிலாமே?"

மேடையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண் எழுந்து வந்தாள். "பெரியப்பா, எனக்கு ரெண்டு அத்தையும் ஒரே படத்துல வேணும். அந்த ஒண்ணு போதும். மத்த முப்பத்தேழையும் நீங்களே வெச்சுக்குங்க."

பெரியப்பா பேனாவை மூடினார். புகைப்படக்காரர்தான் வழி சொன்னார். "தனித்தனியா எடுத்துக் கம்ப்யூட்டர்ல சேத்துடலாம். நேர்ல யாரும் யாரோடயும் சேர வேண்டாம்."

இந்த ஏற்பாடு இருவருக்கும் பிடித்தது. உறவும் இருக்கும், முகத்திலும் விழிக்க வேண்டாம். பெரிய அத்தை மேடையேறிப் பெண்ணுக்கு இடப்பக்கம் நின்றாள். தங்கைக்காக ஓரமாக இடம் விட்டாள். கீழேயிருந்து சின்னவள் பார்த்தாள்.

"அண்ணே, அவகிட்ட சொல்லுங்க. அது நான் நிக்கிற இடமா, குடை சாத்திவைக்கிற இடமா?"

"அண்ணே, அவகிட்ட சொல்லுங்க. குடை அவ்வளவு அகலம் இருக்காது."

புகைப்படக்காரர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "ரெண்டு பேர்ல யாரும்மா உயரம்? சேக்கும்போது அளவு தப்பிடக்கூடாது."

"நான்" என்றார்கள் இருவரும்.

அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதுகோடு முதுகாக இருவரையும் நிற்கவைத்து, தலைகள் மேல் பெரியப்பா பரீட்சை அட்டையைப் படுக்கவைத்தார். "கொண்டையை அமுக்குங்க" என்றாள் பெரியவள். "செருப்பைக் கழட்டச் சொல்லுங்க" என்றாள் சின்னவள். இருவரும் கழற்றினார்கள். அக்கா ஏமாற்றி எம்பி நிற்கிறாளா என்று பார்க்கச் சின்ன அத்தை குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"இது என்ன, காலு இப்படி வீங்கியிருக்கு?"

அண்ணன் வழியாக வராத முதல் வாக்கியம் அது. பெரிய அத்தை காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு வருஷமா இருக்கு."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"யாரு கூட்டிட்டுப் போறது?"

சின்ன அத்தை கீழே உட்கார்ந்து, விரலால் கணுக்காலை அழுத்தினாள். குழி விழுந்தது. நிரம்ப நேரமானது. "ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா" என்றாள். பெரியவள் வேறு எங்கேயோ பார்த்தபடி, கையை மட்டும் தங்கையின் தோளில் வைத்தாள். பெரியப்பா விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரமா நிக்கிறே?" என்றாள் சின்னவள்.

"பத்து மணிலேர்ந்து. முக்கால் மணி முன்னாடியே வந்து நிக்கணும்னு லிஸ்ட்ல போட்டிருக்கே."

இருவரும் ஒரே நேரத்தில் பெரியப்பா பக்கம் திரும்பினார்கள்.

"அண்ணே, உங்களுக்கு அறிவிருக்கா?" என்றாள் சின்னவள்.

"சின்ன வயசுலயே அவர் இப்படித்தான்டி" என்றாள் பெரியவள். "நாம ஊஞ்சல் ஆடுறதுக்கே நேரம் போட்டவரு."

"அதுலயும் அவருக்கு மட்டும் ரெண்டு முறை!"

பதினொரு வருடம் யார் யாரோ பேசியும் சேராதவர்கள், அண்ணனைத் திட்டுவதில் மூச்சுவிடாமல் சேர்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளை தன் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டான். பெரிய அத்தை உட்கார்ந்தாள். சின்ன அத்தை அவள் பின்னால் நின்றாள். திட்டு முடியாததால் இருவர் வாயும் திறந்தே இருந்தது. பெண் இருவர் கழுத்தையும் கட்டிக்கொண்டாள். புகைப்படக்காரர் எடுத்துவிட்டு, "கம்ப்யூட்டர் வேலை மிச்சம்" என்றார்.

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். கூடத்தில் வெறும் நாற்காலிகள். மிக முக்கியமான மற்றவர்கள் உட்பட எல்லோரும் சாப்பிடப் போய்விட்டிருந்தார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது. கூடவே ஏனோ பசியும் எடுத்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு அத்தைகளின் வீட்டுக்காரர்களும், குடும்ப ஒப்பந்தப்படி, எதிரெதிர் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவிமார் கைகோத்து உள்ளே வருவதைப் பார்த்ததும் இருவர் கையும் பாதியில் நின்றது.

"போய்ப் பேசுங்க" என்று பெரிய அத்தை தன் வீட்டுக்காரரை எழுப்பி அனுப்பினாள். "எத்தனை வருஷமாச்சு!"

உண்மையில் ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. இந்தப் பதினொரு வருடமும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இருவரும் தையல்கடை மாடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கை பெரியப்பா.

"நல்லா இருக்கீங்களா?" என்றார் ஒருவர்.

"இருக்கேங்க. பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார் மற்றவர்.

"இனிமே ஞாயித்துக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துடணும். நூலகமெல்லாம் போதும்" என்றாள் சின்ன அத்தை, கண்ணைத் துடைத்தபடி.

இரண்டு முகங்களும் தொங்கிப்போயின. பார்த்தவர்கள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். பெரியப்பா இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

"வியாழக்கிழமை நூலகம் உண்டுல்ல?" என்று தட்டைப் பார்த்தபடியே கேட்டார் பெரிய அத்தையின் வீட்டுக்காரர்.

"பெரியவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றார் பெரியப்பா. "அப்புறம் பாக்கலாம்."