பின்கதவில் மாட்டிக்கொண்டவன்

கையை ஆட்டியிருக்க வேண்டாம். ஆட்டிவிட்டேன்.

பின்பக்க அவசரக் கதவு வழியாகத் தலையை வெளியே நீட்டியதும், எதிரே வரிசையாக நின்ற பெரிய மனிதர்களைப் பார்த்து எனக்குத் தேர்தலில் ஜெயித்த நினைப்பு வந்துவிட்டது. வலது கையைத் தூக்கி டாட்டா காட்டினேன். தோள் லேசாகத் திரும்பியது. அவ்வளவுதான். முன்பாதி வெளியே, பின்பாதி உள்ளே. நடுவில் இருந்தது நடுவிலேயே தங்கிவிட்டது.

நல்லவேளையாக அது நிஜ விண்விமானம் இல்லை. மரத்திலும் தகரத்திலும் அதே அளவுக்குச் செய்து, கொட்டகைக்குள் நிறுத்திவைத்திருந்த மாதிரி. ஆட்களை ஏற்றிக்கொண்டு விண்வெளி வரை போய், சாதாரண விமானம் போல ஓடுபாதையில் வந்து இறங்கப்போகும் நிஜ வண்டியை மூன்று கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து செய்கின்றன. விமானத்தின் உடம்பு ஒரு கம்பெனி. உள்ளே போகிறவர்கள் போடும், காற்றடைத்த விண்வெளி உடை இன்னொரு கம்பெனி. இருக்கைகள் நாங்கள். நான் அதற்கு மெத்தை தைக்கிறவன். பட்டறையில் என்னைக் குஷன் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலை வைத்தா, உருவத்தை வைத்தா என்று நான் விசாரித்ததில்லை.

இறங்கியதும் தீப்பிடித்தால் எல்லோரும் சீக்கிரம் வெளியேற முடிகிறதா என்று பார்க்கத்தான் அன்றைய ஒத்திகை. பருமனான பயணி வேடத்துக்கு ஆள் தேடியபோது என் பெயரைச் சொன்னது என் மச்சான், மனைவியின் தம்பி. உடம்பு செய்கிற கம்பெனியில் இன்ஜினியர். அந்தக் கதவை வரைந்ததே அவன்தான். மாமாவைக் கௌரவிப்பதாக நினைத்திருப்பான் பாவம்.

எனக்குப் பின்னால் வரவேண்டியவர் பைலட் மேடம். நிஜ விமானத்தை ஓட்டப்போவதும் அவர்தான், எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக இறங்க வேண்டியவரும் அவர்தான்.

"அண்ணே, மூச்சு விட முடியுதா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"விட முடியுது மேடம். திரும்ப இழுக்கத்தான் யோசனையா இருக்கு."

"பயப்படாதீங்க. நான் இங்கயேதான் இருப்பேன். வேற எங்க போறது, வாசல்ல நீங்க இருக்கீங்க."

நான் போட்டிருந்த விண்வெளி உடையில் இருந்த காற்றை இறக்கி, இரண்டு தீயணைப்புக்காரர்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்து, பற்பசையைப் பிதுக்குவது போல என்னை வெளியே எடுத்தார்கள். அந்த இருவரில் ஒருவர் என் முதுகைத் தட்டி, "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார் உங்க மாதிரி" என்றார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். மேடம் வெளியே வந்ததும் முதல் வேலையாக எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அவருக்கும் நான் கடமைப்பட்டவன்தான்.

அப்புறம்தான் வில்லங்கம் ஆரம்பித்தது.

மச்சானின் மேலாளர், "இவர் கையை ஆட்டிட்டார், அதான் மாட்டிக்கிட்டார். கதவு சரியாத்தான் இருக்கு" என்றார். கதவு தப்பென்றால் கதவுச் சட்டத்தை வெட்ட வேண்டும், சுற்றிலும் பலப்படுத்த வேண்டும், எடை கூடும், மூன்று கம்பெனிக்கும் வேலை தள்ளிப்போகும். தப்பு என்னுடையது என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம். என்னைத் திட்டினால் போதும். எல்லோருக்கும் அந்த வழிதான் பிடித்திருந்தது.

மேடத்துக்கு மட்டும் பிடிக்கவில்லை. "நிஜத்துல இவர் இடத்துல ஒரு பயணி இருப்பார். பின்னால புகைக்குள்ள நான் இருப்பேன். கையா, கதவான்னு எனக்குத் தெரியணும். தெரியாம நான் ஏறமாட்டேன்."

எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. உடைக் கம்பெனிக்காரரிடம், "சார், நான் சாப்பிட்டதுல தப்பா, உங்க உடையில தப்பா?" என்றேன். "ரெண்டையும் ஆராயணும்" என்று சிரித்தார். எங்கள் சூப்பர்வைசரிடம், "என் இடுப்பு உலகப் புகழ் ஆயிடுச்சு, சம்பளம் ஏறுமா? தப்பு என் மேலதானா?" என்றேன். "பொதுவாச் சொல்றேன், நடைப்பயிற்சி நல்லது" என்றார்.

வீட்டில் மனைவி தட்டு வைத்துக்கொண்டே கேட்டாள். "என்னங்க, தம்பி வேலைக்கு ஏதாவது ஆயிடுமா?"

"என் இடுப்புக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கல."

"உங்க இடுப்பு எங்கயும் போயிடாது. அவன் வேலை போயிடும்."

மச்சான் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குப் போகவில்லை. அவனை அப்படிப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. "டேய் மச்சான், கையை ஆட்டினது நான்தான்னு நாளைக்குப் போய் நானே எழுதிக் கொடுத்துடறேன். தப்பு என் மேலதானே? நமக்கென்ன, இருக்கிற மானத்துல பாதி ஏற்கெனவே கதவுல போச்சு."

அவன் சிரிக்கவில்லை. "மாமா, மாட்டினப்ப உங்க உடையில காத்து முழுசா ஏறியிருந்துச்சா?"

"பலூன் மாதிரி இருந்தேன். ஏன்?"

"சும்மா கேட்டேன்" என்று கை கழுவப் போய்விட்டான்.

மறுநாள் எழுதிக் கொடுக்கக் கொட்டகைக்குப் போனேன். போனால், மச்சான் விண்வெளி உடைக்குள் நிற்கிறான். கொடியில் போட்டால் துணியென்று நினைத்து மடித்து வைத்துவிடலாம், அவ்வளவுதான் அவன் உடம்பு. "காத்து முழுசா ஏத்துங்க" என்று சொல்லிவிட்டு மாதிரிக்குள் போனான். மேடமும் அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மேலாளர் இதெல்லாம் தேவையா என்பது போல நின்றார்.

தலை வெளியே வந்தது. இரண்டு கைகளையும் விதிப்படி நேராக நீட்டியிருந்தான். யாரையும் பார்க்கவில்லை, எங்கேயும் திரும்பவில்லை. மார்பு வரை வந்தது. உடையோடு சேர்ந்த முதுகுப் பை கதவுச் சட்டத்தில் இடித்து நின்றது. தள்ளினான். நின்றது. உள்ளேயிருந்து மேடமும் தள்ளினார். நின்றே விட்டது.

"கொஞ்சம் சாய்ஞ்சு பாருங்க" என்றார் மேலாளர். அவன் சாயவில்லை.

அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். தன் கதவில், தன் மேலாளர் கண்ணெதிரே, தானே போய் மாட்டிக்கொண்டிருக்கிறான். எனக்காகவும்தான், உள்ளே உட்கார்ந்திருக்கும் மேடத்துக்காகவும்தான். இதுவரை கேட்ட எல்லோரிடமும் ஒரு சிரிப்பை ஒட்டவைத்தே கேட்டிருக்கிறேன், அவர்களும் சிரிப்பையே திருப்பித் தந்தார்கள். இந்தத் தடவை ஒட்டாமல் கேட்டேன்.

"மச்சான், நேராச் சொல்லு. தப்பு என் மேலயா?"

வியர்வை கண்ணில் இறங்க, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"இல்ல மாமா. கதவு சின்னது. காத்து ஏத்தாத உடையோட அளவை வச்சு நான் வரைஞ்சுட்டேன். நீங்க கையை ஆட்டாம வந்திருந்தாலும் மாட்டியிருப்பீங்க."