பதினெட்டாம் நம்பர் சீட்டு

நாலு சக்கரத்துக்கும் பிரேக் கட்டை மாற்ற நாலாயிரத்து இருநூறு, கூலி உட்பட. மெக்கானிக் சொன்ன விலை அது. தண்ணீர் கேன் கம்பெனி முதலாளி மூவாயிரத்தில் ஆரம்பித்தார். மெக்கானிக் நாலாயிரம் வரை இறங்கி வந்து நின்றுகொண்டார். பேரம் படியவில்லை, இன்னும் ஒரு மாதம் ஓடட்டும் என்று முடிந்தது. அந்த மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில், கேன் ஏற்றிப் போன அந்த வண்டி சைக்கிளில் வந்த தையல்காரரை இடித்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போய்விட்டது.

இப்போது அதே சாலையில், வண்டியை ஓட்டிய டிரைவர் அளவு நாடாவின் ஒரு முனையைத் தாரோடு அழுத்திப் பிடித்தபடி குந்தியிருந்தார். மறுமுனை பெண் சப்-இன்ஸ்பெக்டரின் கையில். நாடா பிடிக்க வேண்டிய கான்ஸ்டபிள், ஹாரன் அடித்துத் தீர்க்கும் வண்டிகளை மடக்கிக்கொண்டிருந்தார். டிரைவரின் கால்மாட்டில், தார் இளகிய இடத்தில், தையல்காரரின் பையிலிருந்து சிதறிய சட்டைப் பொத்தான்கள் நாலைந்து பதிந்து கிடந்தன. டிரைவர் அவற்றைப் பார்க்காமல் நாடாவையே பார்த்தார்.

"தொய்ய விடாதீங்க. ஒரு சாண் கூடினாலும் உங்க தலையிலதான் விடியும்."

"என் தலை எப்பவோ உருண்டாச்சு மேடம்."

சப்-இன்ஸ்பெக்டர் அளவைக் குறித்துக்கொண்டார். "பதினாலு மீட்டர். ஆனா டயர் தேய்ஞ்ச கோடு ஒண்ணுதான் இருக்கு. நல்லா மிதிச்சிருந்தா ரெண்டாவது விழுந்திருக்கணும். நீங்க பிரேக்கையே தொடலை, தூங்கிட்டீங்கன்னு உங்க மேனேஜர் சொல்றாரு."

"தூங்கினவனுக்கு இது எப்படி மேடம் வரும்?" டிரைவர் தலையைத் தாழ்த்தி உச்சியில் இருந்த வீக்கத்தைக் காட்டினார். "எழுந்து நின்னு மிதிச்சேன். மண்டை கூரையில இடிச்சுது. கால் உள்ள போச்சு, வண்டி நிக்கலை."

சப்-இன்ஸ்பெக்டர் வீக்கத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சாலையை இரு பக்கமும் மறித்துவிட்டு, கான்ஸ்டபிளையே அந்த வண்டியை ஓட்டச் சொன்னார். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கை காட்டும் இடத்தில் மிதிக்க வேண்டும். வண்டி வந்தது. கை இறங்கியது. நல்ல வண்டி நிற்க வேண்டிய இடத்தில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, அடுத்த கோட்டையும் தாண்டி, ஒரு மின்கம்பத்துக்கு முழம் தள்ளி நின்றது.

கான்ஸ்டபிள் முகத்தைத் துடைத்தபடி இறங்கினார். "இதுக்குப் பேரு பிரேக்கா மேடம்? மிதிச்சா வண்டி யோசிக்குது, நிக்கலாமா வேணாமான்னு."

பத்து மீட்டரில் நிற்க வேண்டியது இருபத்து மூன்றில் நின்றிருந்தது. கோடு இப்போதும் ஒன்றுதான், இடப்பக்கப் பின்சக்கரத்தினுடையது.

"நீங்க சொன்னது நிஜம்தான்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

இரண்டு நாளில் முதல் முறையாக டிரைவருக்கு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. "அப்ப உள்ள போக வேண்டாம்ல மேடம்? வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்கா."

"பொறுங்க. பிரேக் சரியில்லைன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஒரு மாசமா தெரியும் மேடம்!" அவசரமாக, நல்ல சேதி சொல்வதைப் போல் சொன்னார்.

கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

ஸ்டேஷனில் மேனேஜர் காத்திருந்தார். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு சீட்டுப் புத்தகம். இவருடையதைத் துணிப்பையிலிருந்து பக்குவமாக எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வரிசை எண்ணும் ஒரு வரியும் அச்சிட்டிருந்தன: பிரேக், விளக்கு, டயர் நல்ல நிலையில் உள்ளன. அதற்குக் கீழே தேதி, டிரைவரின் கையெழுத்து.

"தம்பி தங்கமான ஆளு மேடம். ஆனா தினமும் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டது அவருதான். நாங்க இதை நம்பித்தானே வண்டிய விடுறோம்?"

"போடலைன்னா சாவி தர மாட்டீங்களே! சாவி இல்லைன்னா அன்னிக்குக் கூலி ஏது?" என்றார் டிரைவர்.

"ஒரு நாளாவது பிரேக் சரியில்லைன்னு எழுதிக் குடுத்தீங்களா?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"குடுத்தேன் மேடம். ஒரே ஒரு நாள். பிரேக் பிடிக்கலைன்னு குறுக்க எழுதினேன். அன்னிக்கு வண்டி வேற ஆளுக்குப் போயிடுச்சு. சாயந்திரம் வரைக்கும் கம்பெனி கேட்டுல நின்னேன். மறுநாள் வாயை மூடிக்கிட்டுப் போட்டுட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் விரலை நனைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பதினாறு. பதினேழு. பத்தொன்பது. நடுவில், கிழித்த தாளின் ஓரம் தையலோடு ஒட்டி நூலளவுக்கு நின்றது.

"பதினெட்டு எங்க?"

"டீ கொட்டிடுச்சு மேடம். ஊறின தாளை வெச்சு என்ன பண்றது?"

"அன்னிக்கு இவரு?"

"லீவு." மேனேஜர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். சரியான பக்கத்தில் ஏற்கெனவே ஒரு துண்டுத் தாள் செருகியிருந்தது.

"மெக்கானிக்கைக் கேளுங்க மேடம், அவருக்கு எல்லாம் தெரியும்!"

"கேட்டாச்சுய்யா," என்றார் கான்ஸ்டபிள், சுவரைப் பார்த்து. "அவரு அந்த வண்டிப் பக்கமே போனதில்லையாம்."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். "தெரியும்னா, தெரிஞ்சே ஓட்டினீங்க. தெரியாதுன்னா, பாக்காமலே கையெழுத்துப் போட்டீங்க. நான் எதை எழுதட்டும்?"

டிரைவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டுல எது மேடம் கம்மியாப் படியும்?" என்று கேட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"ஒரு மாசமான்னு நீங்களே சொல்லிட்டீங்க," என்றார் அவர். "அதைத்தான் எழுதியாகணும்."

எழுதி முடித்துத் தாளை நீட்டினார். கீழே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. டிரைவர் தினமும் கம்பெனி கேட்டில் செய்வது போலவே தாளை முட்டியின் மேல் வைத்து, படிக்காமல், போட்டுக்கொடுத்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் சீட்டுப் புத்தகத்தைக் கைப்பற்றிய பொருள் பட்டியலில் சேர்த்தார். விபத்து நாள் வரை அச்சிட்ட எண்கள் இருபத்தேழு. சீட்டு இருபத்தாறு. கையெழுத்து இருபத்தாறு. குறைவு ஒன்று. காரணம்: டீ கொட்டியது.