படுக்க வைத்த சிப்பிகள்

கடல் வெகுதூரம் வற்றிப் போயிருந்தது. பண்ணையிலிருந்து வந்த லாரி, கத்தி போல நீண்டு ஒடுங்கிய கத்திச்சிப்பி நிறைந்த வலைப்பைகளைச் சரிவில் தள்ளிவிட்டுப் போய்விட்டது. விடிய இன்னும் நேரம் இருந்தது. பன்னிரண்டு பெண்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பையை இடுப்பில் தொங்கவிட்டு, ஈர மணலில் குனிந்திருந்தார்கள். சிப்பி எடுக்க அல்ல, புதைக்க.

பாவ்ஜூ இதே கரையில் கல்யாணமான நாளிலிருந்து சிப்பி தோண்டியவள். தோண்டியதைச் சந்தையில் விற்றுத்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. போன வருஷம் சுற்றுலாக் கம்பெனி ஒன்று கரையைக் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டது. நகரத்து ஆட்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, காலை வெயிலில் சிப்பி பொறுக்கி மகிழ வேண்டும் என்பது ஏற்பாடு. பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் அத்தனை ஜனத்துக்கும் சிப்பி கொடுக்கக் கடல் எங்கே போகும்? அதனால் விடிவதற்குள் பெண்கள் மறைத்து வைப்பார்கள், விடிந்ததும் ஜனங்கள் வந்து கண்டுபிடிப்பார்கள். கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கினால்தான் ஊர்க்காரர்கள் வேலிக்குள் கால் வைக்கலாம். அட்டையோடு மஞ்சள் மூங்கில் தொப்பியும் பூப்போட்ட முக்காடும் கொடுத்தார்கள். பாவ்ஜூவின் மாமியார் காலத்து உடுப்பு அது.

வேலை எளிதுதான். சிப்பியைப் படுக்க வைத்து, இரண்டு விரல் மணல் மூட வேண்டும். ஐஸில் வந்த சிப்பி அரை மயக்கத்தில் கிடந்த இடத்திலேயே கிடக்கும். மறந்தும் நிமிர்த்தி வைத்துவிடக் கூடாது. கீழ்முனையில் நீளும் சதைக்கால் ஈரமணலில் பட்டால் உயிர் வந்துவிடும், மடமடவென்று முழங்கை ஆழத்துக்குப் போய்விடும். போன மாதம் பாவ்ஜூ அப்படி ஒரு மூலையைக் கெடுத்துவிட்டு, இனி ஒரு தரம் நடந்தால் அட்டை போய்விடும் என்று எச்சரிக்கை வாங்கியிருந்தாள். அவளைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. இந்தக் கரையில் தோண்டுகிறவர்கள் பிஞ்சுச் சிப்பி கிடைத்தால் வீசிவிட்டுப் போக மாட்டார்கள். வந்த துளையிலேயே, கால் கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். கைக்கு அந்த ஒரு வழிதான் தெரியும்.

அன்றைக்கு அவள் மனசு கரையில் இல்லை. புருஷன் தியென்சாய் இரவு முழுக்கக் கண்மூடவில்லை. கல் செதுக்கும் பட்டறையில் தின்ற தூசியெல்லாம் நுரையீரலில் கல்லாக நின்றுவிட்டது. ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் அவனால் படுக்கக்கூட முடியாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடி, காற்றுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினான். சிலிண்டர் தீர்ந்துகொண்டிருந்தது, இன்றைக்கு மாற்ற வேண்டும். கம்பெனிச் சம்பளத்தை நம்பித்தான் கடைக்காரன் சிலிண்டர் கொடுக்கிறான், வேலை இல்லை என்று தெரிந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். இதையே நினைத்துக்கொண்டு அவள் குனிந்து குனிந்து நகர்ந்தாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

வரிசையின் கடைசியில் இடுப்பை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில், மணல் நெடுகச் சின்னச்சின்னத் துளைகள் தெரிந்தன. தொடங்கிய இடம்வரை, ஜோடி ஜோடியாக. சிப்பி இறங்கிவிட்டதற்கு அடையாளம் அது.

கை எல்லாவற்றையும் நிமிர்த்தியே வைத்திருந்தது. மண்டியிட்டு ஒரு துளையைத் தோண்டினாள். சிப்பி ஏற்கெனவே கைக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது. கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது, மேட்டுச் சாலையில் பஸ் விளக்குகள் தெரிந்தன. பக்கத்து வரிசையில் ஆஜின் மணலைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தாள். சந்தையில் ஒரே பாயைப் பாதியாகப் பிரித்துப் போட்டு விற்றவர்கள் இருவரும்.

"ஆஜின், உன் வரிசையிலேர்ந்து ரெண்டு கை அள்ளிக் குடுடி. மேலாக்க மட்டும் தூவிடறேன்."

ஆஜின் துளைகளைப் பார்த்தாள். "இத்தனையுமா? என்னக்கா பண்ணித் தொலைச்சே?"

"குடுடி. அவரு மூச்சு விடறதே இந்த வேலையிலதான்."

"தெரியும். என் வரிசை காலியா இருந்தா நாளைக்கு எனக்கு நீ சோறு போடுவியா?"

சொல்லிவிட்டு ஆஜின் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே சமனாக இருந்த மணலை மறுபடியும் தட்டினாள்.

ஜனங்கள் வாளியும் பிளாஸ்டிக் கரண்டியுமாக இறங்கினார்கள். எல்லா வரிசையிலும் கூச்சலும் சிரிப்புமாக இருக்க, பாவ்ஜூவின் வரிசையில் மட்டும் ஒரு குடும்பம் வெறும் மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. இளஞ்சிவப்பு பூட்ஸ் போட்ட ஒரு சிறுமி அழ ஆரம்பித்தாள். அவள் அப்பன் தொண்டை கிழியக் கத்தினான். டிக்கெட் காசு திரும்பி வராவிட்டால் படம் பிடித்து ஊரெல்லாம் காட்டிவிடுவேன் என்றான்.

மேற்பார்வை பார்க்கும் ஜிகாய் ஓடி வந்தான். உள்ளூர்ப் பையன்தான். பாவ்ஜூவைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான், சம்பளத்தைப் பிடிக்கும்போதும் அப்படித்தான் கூப்பிடுவான். துளைகளைக் கண்டதும் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. நூடுல்ஸ் கடைக்குப் போய் உப்புப் பாக்கெட்டுகளோடு வந்து அவள் கையில் திணித்தான்.

"எத்தனை புதைச்சியோ அத்தனையும் வெளிய வரணும் பெரியம்மா. வந்தா பாக்கலாம்."

அந்தக் கடைசி வார்த்தையைப் பாவ்ஜூ கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். துளையில் உப்பைப் போட்டுக் கொஞ்சம் நீர் விட்டாள். மணல் குமிழியிட்டது. சிப்பி விருட்டென்று அரை விரல் மேலே எழும்பியது. வெடுக்கென்று பிடித்து, ஓடு உடையாமல் உருவிச் சிறுமியின் வாளியில் போட்டாள். அழுகை நின்றுவிட்டது. கத்தியவன் வாயைப் பிளந்தான். பிறகு கூட்டமே அவளைச் சூழ்ந்துகொண்டது. மற்ற வரிசைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எனக்கு, எனக்கு என்று வாளிகள் அவள் முகத்தில் இடித்தன.

வெடித்த விரல்களில் உப்பு ஏறி எரிந்தது. முழங்கால்கள் விட்டுப்போயின. ஏற்றநீர் வந்து கணுக்காலைத் தொட்டு, பூட்ஸுக்குள்ளும் இறங்கியது. இன்னும் நாலு துளை, இன்னும் மூன்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தவழ்ந்தாள். ஜிகாயும் படம் பிடித்தான்.

"சிரி பெரியம்மா. அழற மூஞ்சியை யாரு பாப்பாங்க?"

சிரித்தாள். கடைசித் துளையை நீர் மூடுவதற்குள் அதையும் எடுத்துவிட்டாள். ஜனங்கள் கைதட்டினார்கள். கத்தியவன் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். பாவ்ஜூவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சிலிண்டர் இன்றைக்கு மாறிவிடும்.

பஸ்கள் போனதும் ஜிகாய் பெண்களை வேலியோரம் கூப்பிட்டான். முகமெல்லாம் பல்லாக இருந்தான். மேலே பேசிவிட்டதாகச் சொன்னான். நாளையிலிருந்து சிப்பியை நிமிர்த்தியே வைக்க வேண்டும், டிக்கெட்டோடு ஆளுக்கொரு உப்புப் பாக்கெட் விற்பார்கள். சிப்பி தானே இறங்கிக்கொள்ளும். மணல் மூட வேண்டாம், தட்ட வேண்டாம். ஆகவே ஆட்களில் பாதி போதும். வயதைப் பார்த்துக் கழித்திருப்பதாகச் சொல்லி, பெயர்களை வாசித்தான். முதல் பெயர் பாவ்ஜூ, அடுத்தது ஆஜின்.

"ஒண்ணு விடாம எடுத்துக் குடுத்தேனேப்பா" என்றாள் பாவ்ஜூ. "வந்தா பாக்கலாம்னு சொன்னியே."

"பாத்தேனே. பாத்துட்டுத்தான சொல்றேன்." அவன் குரலில் கோபமே இல்லை. "உன் முட்டி இதுக்குத் தாங்காது பெரியம்மா. சின்னப் பொண்ணுங்கன்னா படத்துலயும் நல்லாருக்கும்."

ஆஜின் பாவ்ஜூவின் காலடியில் காறித் துப்பினாள்.

"உன் கை வெளங்காமப் போக. அந்த உப்பைத் தொடாம இருந்திருந்தா உன்னோட போயிருக்கும். என்னையும் சேத்துல்ல இழுத்துட்டே."

பாவ்ஜூ இடுப்புப் பையை அவிழ்த்து வைத்தாள். வீட்டில் தியென்சாய் தலையணையில் சாய்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வேலி வாசலில் காவல்காரன் அட்டையைக் கழற்றி வாங்கினான். தொப்பியையும் முக்காட்டையும் வாங்கினான். பூட்ஸும் கம்பெனியுடையதுதான் என்றான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கழற்றிக் கொடுத்தாள். அவன் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து நீரை வடித்தான். இரண்டாவதிலிருந்து ஒரு கத்திச்சிப்பி தரையில் விழுந்தது. அவள் தவழ்ந்தபோது எப்படியோ உள்ளே போயிருக்கிறது.

"திருட்டா?"

"இல்லப்பா. தானா விழுந்திருக்கு."

"கம்பெனிச் சிப்பி" என்று அவன் அதை எடுத்து, நாளைக்காக மீந்தவற்றைப் போட்டிருந்த பிளாஸ்டிக் தொட்டியில் எறிந்தான். அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினான். அவள் கிளிஞ்சல் ஓடு பரப்பிய பாதையில் வெறுங்காலோடு, பார்த்துப் பார்த்து நடந்தாள்.

சிப்பி தொட்டியின் மூலையில் நிமிர்ந்தவாக்கில் சாய்ந்து நின்றது. சற்று நேரத்தில் அதன் கீழ்முனையிலிருந்து வெள்ளைச் சதைக்கால் வெளியே நீண்டு, வழவழப்பான அடியைத் தடவி மணலைத் தேடியது. வழுக்கியது. மறுபடி நீண்டு தடவியது.