எதிர்ப்பக்கம் இல்லாத சாலை

ஸ்கூட்டர் வாடகைக் கடைக்காரர் லைசென்ஸ் கேட்டதும் என் கணவரின் கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. இனி வண்டியே ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் சொன்ன பிறகும் அந்த அட்டை பையில்தான் இருக்கிறது. அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்ள.

"பஸ்ல போகலாம் வாங்க," என்றேன்.

"பஸ்லயா? நானா?"

பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். டிப்போவில் அவருக்கு 'பிரேக்கு' என்று பெயர். நிற்கிற பயணி கம்பியைப் பிடிக்க வேண்டாம், அவ்வளவு பதமாக மிதிப்பாராம். ஓய்வு பெற்றபோதுகூட இப்படி ஒடுங்கவில்லை. டாக்டர் சொன்னதிலிருந்து ஜன்னலோர நாற்காலியே கதி. தெரிந்த டிரைவர் யாராவது பயணிகள் சீட்டில் தன்னைப் பார்த்துவிடுவார் என்று ஊரில் பஸ் பக்கமே போவதில்லை.

"தெரியாத ஊர்ல ஒரு தடவை ஏறி உக்காந்துட்டார்னா போதும்மா, அப்புறம் தானா வெளிய வருவார்," என்று மகள்தான் இந்தத் தீவுக்கு டிக்கெட் எடுத்தாள். இங்கேயும் ஏறாவிட்டால் என்ன செய்வது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏறினார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பஸ் கடலை ஒட்டியே போயிற்று. அவர் பார்த்தது டிரைவரின் கால்களை மட்டும்.

"கிளட்ச்சுல காலை வெச்சுட்டே ஓட்டுறான் பாரு."

"கடலைப் பாருங்க."

"கடல் எங்க ஓடிடப் போவுது?"

ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. அவர் ஓட்டிய பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், முதுகைப் பார்த்தபடி. பக்கத்தில் உட்கார்ந்தபோது கையை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. மடியில் இருந்த பையைப் பிடித்துக்கொண்டேன்.

கடற்கரையில் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றார். என் புடவை முழங்கால்வரை நனைந்தபோது சிரித்த மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

வெயில் தாழ்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துச் சாலையைத் தாண்ட வைத்தார்.

"வந்து இறங்கினது அந்தப் பக்கம்னா திரும்பிப் போறது இந்தப் பக்கம். இதுகூடத் தெரியாம நிக்கிறியே."

அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டேன்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு பஸ் போனது. வெகு நேரம் கழித்து இன்னொன்று. அதுவும் அதே பக்கம், அதே திசை. எனக்குப் புரிந்துவிட்டது. சாலை தீவைச் சுற்றி வருகிறது, பஸ்ஸும் ஒரே வழியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காலையில் வந்த திசையிலேயே மேலே போனால் எங்கள் விடுதி வந்துவிடும். நாங்கள் நின்ற பக்கத்தில் பஸ் நிற்கிற அடையாளமே இல்லை.

சாலை விஷயத்தில் நான் அவருக்கு எதுவும் சொன்னதில்லை. இன்று சொன்னால், இதுவும் தெரியாமல் போயிற்றே என்று மறுபடி நாற்காலிக்குள் போய்விடுவாரோ? வாயெடுத்தேன், விழுங்கினேன். ஆனால் அவரைச் சுற்றி எல்லாரும் இப்படி விழுங்கிக்கொண்டிருப்பதால்தானே அவர் நோயாளி மாதிரி ஆகிவிட்டார் என்று தோன்றியது.

"என்னங்க, நீங்க தப்பான பக்கத்துல நிக்கிறீங்க. ரெண்டு பஸ்ஸும் ஒரே பக்கமாத்தான் போச்சு."

சாலையை இருபுறமும் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறித் திரும்பினால், சிரிப்பு.

"வட்டத்துக்கு ஏதுடி எதிர்ப்பக்கம்! டிப்போல தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்."

"யாரு சொல்லப் போறா?"

"நீதான். ரூமுக்குப் போனதும் உன் பொண்ணுக்குப் போன் போடுவ."

மறுபடி சாலையைத் தாண்டி, அடுத்த பஸ்ஸுக்கு அவரே கை காட்டினார். என்னை முதலில் ஏற்றி, ஜன்னலோரம் உட்காரச் சொன்னார். இறக்கத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியபோது என்னையறியாமல் என் கால் தரையை அழுத்தியது.

"மெதுவா மிதிம்மா," என்றார். "பின்னால நிக்கிறவங்க விழுந்துடப் போறாங்க."

குனிந்து பார்த்தேன். அவருடைய கால்கள் மணல் ஒட்டியபடி ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா கிடந்தன.