அசையாத புள்ளிகள்

மழைக்காலம் தொடங்கியபோதே அவருடைய இடது காது கைவிட்டுவிட்டது. வீட்டில்கூட அவர் மூச்சு விடவில்லை. நடன அரங்கில் இசைத்தட்டு போடுகிறவருக்குக் காது போய்விட்டது என்று தெரிந்தால் மறுநாளே வேறு ஆள் வந்துவிடுவான். மகளின் படிப்போ இன்னும் முடியவில்லை.

மேசையில் இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள்கள் இரண்டு. முன்பெல்லாம், ஒன்றில் ஓடும் பாட்டுக்கு அரங்கம் ஆடும்போதே, அடுத்த பாட்டை ஹெட்போனில் இடது காதால் கேட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, தாளத்தோடு தாளம் சேர்ந்ததும் உள்ளே நுழைப்பார். ஆடுகிறவர்களின் கால் தடுமாறக் கூடாது. மிஞ்சிய வலது காதில் அரங்கப் பாட்டும் ஹெட்போன் பாட்டும் கலந்து ஒரே குழப்பம்.

அதனால் கண்ணை நம்பத் தொடங்கினார். சுழலும் தட்டின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள். பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, மின்சாரத்தின் துடிப்புக்கேற்பக் கண்சிமிட்டும். தட்டு சரியான வேகத்தில் சுற்றினால் புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். ஒரே வேகமுள்ள பாட்டுகளாகப் பொறுக்கி, இரண்டு தட்டிலும் புள்ளிகளை நிறுத்தி, ஆடுகிறவர்களின் கால் தரையில் படும் நேரம் பார்த்து அடுத்ததை விடுவார். கண்ணையாவது விட்டுவைத்தாயே என்று தினமும் கடவுளுக்கு நன்றி சொல்வார்.

அரங்கின் வண்ண விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறவன் அவருடைய தங்கை கணவன். வாய் சும்மா இருக்காது.

"என்ன மச்சான், எல்லாப் பாட்டும் ஒரே நடையில போகுது? ஆடுறவங்க தூங்கிடப் போறாங்க."

"தூங்கினா எழுப்பத்தானே உன் விளக்கு இருக்கு, மாப்பிள்ளை."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஓடியது. பாட்டு மறுபடி தொடங்கியது. பார்த்தால், புள்ளிகள் மெல்ல ஊர்கின்றன. தட்டுகளின் வேகம் தளர்ந்துவிட்டது என்று நினைத்தார். ஓடுகிற பாட்டைத் தொடப் பயந்து, அடுத்த தட்டின் புள்ளிகளை மட்டும் நிறுத்திப் பாட்டை நுழைத்தார்.

ஜோடிகள் ஒவ்வொன்றாக ஆட்டத்தை நிறுத்தின.

"சார், ரெண்டு பாட்டும் சண்டை போடுது! விலக்கி விடுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் புள்ளிகளையே பார்த்தார். புதிய தட்டில் அவை நின்றுதான் இருந்தன.

மாப்பிள்ளை ஓடிவந்து இடப்பக்கம் நின்று, "மச்சான்! மச்சான்!" என்றான். அவர் திரும்பவில்லை. ஒரு கணம் அவனும் அசையவில்லை. பிறகு வலப்பக்கம் வந்து காதோடு சொன்னான்: "புள்ளிய நம்பாதீங்க. ஜெனரேட்டர் கரன்ட்ல துடிப்பு மாறிடுச்சு, அந்தச் சிவப்பு விளக்குதான் பொய் சொல்லுது. முதல் தட்டு ஒழுங்காத்தான் சுத்துது."

எத்தனை நாளாக இப்படி என்று அவன் கேட்கவில்லை. அவர் முதுகில் கையை வைத்து, ஓடுகிற பாட்டின் தாளத்தை ஒரு விரலாலும், நுழைந்த பாட்டின் தாளத்தை இன்னொரு விரலாலும் தட்டினான். அவர் வேகத்தை நகர்த்தினார். இரண்டு தட்டுகளும் மெல்ல ஒன்றாயின. ஜோடிகள் மறுபடி ஆடின.

அரங்கை நடத்துகிற அம்மா வந்தார்.

"விளக்க விட்டுட்டு இங்க என்ன பண்றே?"

"ஜெனரேட்டர் கோளாறும்மா" என்றான் மாப்பிள்ளை.

தன் பொருட்டு ஒரு நல்லவன் உண்மையை மறைப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா. எனக்கு ஒரு காது போயிடுச்சு."

"இந்த மாசம் முழுக்க நீங்களே போடுங்கண்ணே. அப்புறம்... என்னால வேற என்ன பண்ண முடியும்?" என்றார் அந்த அம்மா. தானே ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டுவிட்டுப் போனார்.

"உங்க தங்கச்சிகிட்டயும் வீட்டுல அக்காகிட்டயும் நான் சொல்லிக்கிறேன் மச்சான்."

"வேணாம்ப்பா. நானே சொல்றேன்."

வரவேண்டிய இழப்பைத் தடுக்க அன்பால் எப்போதும் முடிவதில்லை. பக்கத்தில் நிற்க முடிகிறது. பாட்டு முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. முதுகில் அந்த விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. மாற்ற ஆளில்லாமல் நீல விளக்கு ஒன்றே எரிய, அரங்கம் அதிலேயே ஆடியது.